காற்றுக்கும் முறை வைத்தோம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் சண்டை வருவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள்தான் இருக்கும். தண்ணீர், கார் நிறுத்தும் இடம், மேல் வீட்டுக்காரர் ராத்திரியில் நாற்காலி இழுக்கும் சத்தம். எங்கள் கட்டடத்தில் சென்ற ஆண்டு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: வைஃபை.

நங்கநல்லூரில் எங்களுடையது நடுத்தரமான கட்டடம். கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஆக 16 வீடுகள். கொரோனாவுக்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. சிலர் 100 எம்பிபிஎஸ், சிலர் 200. மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனால் இரவு எட்டு மணி ஆனால் எல்லார் வீட்டு டிவியிலும் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், ஆள் வந்து வயரைச் செருகிப் பார்த்து, "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது உண்மை. வீட்டுச் சுவர் வரைக்கும் கண்ணாடி இழையில் நன்றாக வந்து சேர்கிறது. ரவுட்டரிலிருந்து கைபேசிக்குப் போகும் கடைசி இருபது அடிதான் காற்றில் போகிறது. சிக்கல் அங்கே.

2ஏ வீட்டுப் பெண் ராத்திரி ஷிப்ட் வேலையை வீட்டிலிருந்து செய்பவர். வீடியோ மீட்டிங்கில் அவர் முகம் அடிக்கடி உறைந்து நின்றுவிட, மேலதிகாரி எச்சரித்துவிட்டார். அதே சமயத்தில் 3பி வீட்டுக்காரர் ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டினார். அது வந்த பிறகுதான் தங்களுக்கு மோசமானது என்று 2ஏ பெண்ணின் கணவர் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். "என் காசு, என் ரவுட்டர், என் வீடு" என்று பதில் வந்தது. போலீசில் புகார் கொடுப்பேன் என்று இவர் எழுத, கொடுத்துப் பாருங்கள் என்று அவர் எழுத, லிஃப்டில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாறிய இரண்டு வீடுகள் அவை.

செக்ரட்டரி என்னிடம் வந்தார். "சார், நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவர்தானே, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்றார். ரிட்டயர் ஆன ஆளிடம் எதைக் கேட்டாலும் செய்வான் என்று அவருக்குத் தெரியும்.

புகார் கொடுக்கலாமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். நம் நாட்டில் வானொலி அலை எதையும் லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது என்பது 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டம் தொட்டு வந்த வழக்கம். வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோப் பெட்டிக்கே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வைஃபைக்கு அப்படி இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. அடுத்தவருக்கு இடையூறு செய்யக்கூடாது. அடுத்தவரால் இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்க முடியாது. யாருக்கும் தனி உரிமை கிடையாது, எல்லாரும் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும்.

ஆக, 3பி-காரர் "என் ரவுட்டர்" என்று சொல்லலாம். "என் காற்று" என்று சொல்ல முடியாது. 2ஏ-காரரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பயனில்லை. ஊர்ப் பொது மந்தைவெளி மாதிரி ஓர் இடம் அது. பட்டா யார் பேரிலும் இல்லை. நமக்குள் பேசி முடித்துக்கொண்டால்தான் உண்டு.

இந்தப் பட்டை பொதுவாகக் கிடைத்ததே அதன் மதிப்புக் குறைவால்தான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். அந்த இரைச்சல் இருக்கும் இடத்தில் யார் போய் ஒலிபரப்பு நடத்துவார்கள்? 1985-இல் அமெரிக்காவின் எஃப்சிசி, யாரும் விரும்பாத இந்த மாதிரிப் பட்டைகளை லைசென்ஸ் இல்லாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. வைஃபையின் முதல் தரவரையறை 1997-இல் வந்தது. புறம்போக்கில் முளைத்த செடிதான் இன்று உலகம் முழுக்கப் படர்ந்திருக்கிறது.

இப்போது அந்த மந்தைவெளியின் அளவைப் பார்ப்போம். 2400-இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். நம் நாட்டில் இதில் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் உண்டு. பதின்மூன்று சேனல் இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டர் பேசும்போது அடைத்துக்கொள்ளும் அகலமோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். பஸ் சீட்டில் அரை அடிக்கு ஓர் எண் எழுதி வைத்த மாதிரி. எண்கள் நிறைய இருக்கும், உட்காரக்கூடியவர்கள் மூன்றே பேர். 1, 6, 11 என்று உட்கார்ந்தால் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் இருக்கலாம்.

நான் கைபேசியில் ஒரு இலவச ஆப் இறக்கி, ஒரு சனிக்கிழமை இரவு மாடி மாடியாக ஏறி இறங்கிக் குறிப்பெடுத்தேன். எங்கள் கட்டடத்தில் 17 ரவுட்டர்கள். 16 வீடுகளுக்கும் ஒவ்வொன்று. பதினேழாவது, கேமராக்களுக்காக அசோசியேஷன் போட்டது, மீட்டர் அறையில் இருந்தது. ஏழு ரவுட்டர்கள் 6-ஆம் சேனலில், நான்கு 1-இல், இரண்டு 11-இல். மற்ற நான்கும் 3, 4, 9 என்று இடையிடையே. அடுத்த கட்டடத்திலிருந்து இன்னும் 14 எங்கள் சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தன.

"ஏழு பேர் ஒரே சேனலில் இருப்பதுதானே கோளாறு?" என்று செக்ரட்டரி கேட்டார். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அதிலும் சிக்கல் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு இடையில் நிற்பவர்களால் வருவது. அதைப் புரிந்துகொள்ள வைஃபை எப்படி முறை வைத்துக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு, தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி மூலம் இணைத்தது. அலோஹாநெட் என்று பெயர். அங்கே விதி மிக எளிது. உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. இன்னொருவர் அதே நேரம் பேசி இரண்டும் மோதிக்கொண்டால், பதில் வராது. அப்போது கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல். இந்த முறையில் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவிகிதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கில் நிரூபிக்கலாம். மீதியெல்லாம் மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

வைஃபை இதைத் திருத்திக்கொண்டது. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். பேச்சு முடிந்ததும் உடனே பாயாமல், ஒவ்வொரு கருவியும் தனக்குள் ஒரு சீட்டு எடுக்கும். 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண். அதைப் பின்னோக்கி எண்ணி, பூஜ்யம் வந்ததும் பேசும். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 9 பங்குதான் ஆகும். இருவருக்கு ஒரே எண் விழுந்து மோதிவிட்டால், அடுத்த முறை 0 முதல் 31 வரை சீட்டு. மறுபடி மோதினால் 63 வரை. இப்படி 1023 வரை போகும். நெரிசல் கூடக்கூடப் பொறுமையையும் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு.

நான் வேலை பார்த்த காலத்தில் டிரங்க் கால் போடுவதில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை உண்டு. பல மடங்கு பணம் கொடுத்தால் மற்றவர்களைத் தாண்டிக்கொண்டு போகலாம். வைஃபைச் சீட்டில் அந்த வழி இல்லை. ஆயிரம் ரூபாய் ரவுட்டருக்கும் பதினெட்டாயிரம் ரூபாய் ரவுட்டருக்கும் ஒரே சீட்டு. குரலுக்கும் வீடியோவுக்கும் சிறிய எண் கொடுக்கும் வசதி பின்னால் வந்தது. அதுவும் என்ன அனுப்புகிறோம் என்பதைப் பார்த்துத்தான். யார் அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இந்த மரியாதையெல்லாம் எப்போது நடக்கும்? ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிந்தால். 6-இல் இருக்கும் ஏழு ரவுட்டர்களும் ஒன்றின் பேச்சை ஒன்று புரிந்துகொள்ளும். மிகச் சன்னமாகக் கேட்டாலும், 'யாரோ பேசுகிறார்' என்று நிற்கும். ஆனால் 3-இல் இருப்பவர் பேசினால் 6-இல் இருப்பவருக்கு அது பேச்சாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும். புரியாத இரைச்சலுக்காக ஒரு ரவுட்டர் நிற்க வேண்டுமானால், அது புரியும் பேச்சைவிட 100 மடங்கு பலமாக இருக்க வேண்டும் என்பது தரவரையறையில் உள்ள கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் நிற்காமல் இதுவும் பேசும். இரண்டும் குழம்பும். காலியாகத் தெரிகிறதே என்று 3-லும் 9-லும் போய் நிற்பவர் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று இரண்டையும் கெடுக்கிறார். தானும் கெடுகிறார். கூட்டமான வரிசையில் நிற்பது இதைவிட மேல்.

3பி-காரர் ரவுட்டர் இருந்தது 3-ஆம் சேனலில். அதுவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைத்தால் 1-ஆம் சேனலில் பாதியையும் 6-ஆம் சேனலை முழுதாகவும் மூடிவிடும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மாட்ட வந்த பையன் "ஸ்பீடு ஜாஸ்தி வரும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ரவுட்டரும் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு நொடிக்குச் சுமார் பத்து தடவை அறிவிப்புச் செய்யும். பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இதை மிக மெதுவாக, 1 எம்பிபிஎஸ் வேகத்தில் சொல்லும். ஓர் அறிவிப்பு 300 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரவுட்டருக்கே நொடியில் இரண்டரை சதவிகித நேரம் இதில் போகிறது. ஒரே சேனலில் பத்து பெயர் இருந்தால் கால்வாசி நேரம் போச்சு. விருந்தினருக்கு என்று தனிப் பெயர் வைத்தால் அதற்கும் தனி அறிவிப்பு. எங்கள் கட்டடத்தில் ஐந்து வீடுகளில் யாருமே பயன்படுத்தாத விருந்தினர் பெயர் ராப்பகலாகக் கூவிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் ஒரு வரைபடத் தாளில் கட்டடத்தை வெட்டிப் பார்த்த மாதிரி போட்டு, மூன்று வண்ணப் பென்சிலால் அடையாளமிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் மேல் கீழ் வீட்டுக்கும் ஒரே வண்ணம் வரக்கூடாது. தட்டையான வரைபடம் எதையும் நான்கு வண்ணத்தில் பிரித்துவிடலாம் என்று 1976-இல் கணினியின் துணையோடு நிரூபித்தார்கள். நமக்கு இருப்பது மூன்று வண்ணம், அதுவும் உயரமும் சேர்ந்த கட்டடம். மாடிக்கு நான்கு வீடு, வண்ணம் மூன்று. ஒவ்வொரு மாடியிலும் யாராவது இருவர் பகிர்ந்தே ஆக வேண்டும்.

யார் யாரோடு? எதிரெதிர் மூலையில் இருப்பவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது ஒரு விதி. அதற்கு மேல் எந்த ஆப்பிலும் இல்லாத ஒரு விவரம் எனக்குத் தெரியும். 2ஏ பெண்ணுக்கு வேலை இரவு எட்டு முதல் விடிகாலை வரை. 2சி-யில் இருக்கும் மாமாவும் மாமியும் ஒன்பதுக்குப் படுத்துவிடுவார்கள். காலையில் அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு பேசுவதுதான் அவர்கள் இணையத்தின் உச்சநேரம். இவர்கள் இருவரும் ஒரே சேனலில் இருந்தால் ஒருவருக்கொருவர் தெரியவே தெரியாது. இப்படி மாடி மாடியாக, யார் எப்போது விழித்திருப்பார்கள் என்று பார்த்து ஜோடி சேர்த்தேன். பதினைந்து வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தால் இதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். வாட்ச்மேன் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நான் தாளை விரித்துச் சொல்லி முடித்ததும், 3பி-காரர் எதிர்பார்த்தபடி, "நான் ஏன் குறைச்சுக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். "உங்கள் டிவி, லேப்டாப் எல்லாம் ரவுட்டர் இருக்கும் அதே ஹாலில்தானே இருக்கின்றன? அவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்ப்போம், வேகம் குறைந்தால் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை நம் நாட்டில் விரிவாகத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். பழைய பட்டையைப் போல ஏழு மடங்குக்கு மேல். சுவர் தாண்டும் சக்தி அதற்குக் குறைவு. தனி வீட்டில் அது குறை. அடுக்குமாடியில் அதுவே நல்ல குணம், நம் சத்தம் நம் வீட்டோடு நிற்கும். அவர் வீட்டுக்குப் போய் மாற்றிக் காட்டினேன். முன்பைவிட வேகம் கூடிவிட்டது. பழைய பட்டையை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி 11-ஆம் சேனலில் வைக்க அதன் பிறகு அவருக்கு மறுப்பு இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு அன்றுதான் பலன் கிடைத்தது என்று அவரே சொன்னார்.

ஆனால் கூட்டத்தில் உண்மையான வாக்குவாதம் இதில் வரவில்லை. பதினேழாவது ரவுட்டரில் வந்தது.

வாட்ச்மேன் குடும்பம் கார் நிறுத்துமிடத்தின் பின்பக்க அறையில் இருக்கிறது. மகள் பி.காம். முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். மூன்று பக்கமும் கான்கிரீட், கைபேசி சிக்னல் அந்த அறைக்குள் வராது. முந்தைய செக்ரட்டரி கேமரா ரவுட்டரின் பாஸ்வேர்டை அவளுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு சுவர் தாண்டி, பழைய கைபேசியில், விட்டு விட்டுத்தான் வரும். மாதிரித் தேர்வு பாதியில் நின்றுவிடும். "தாத்தா, கேட் பக்கம் நின்னா வருது" என்று கொசுக்கடியில் கேட் விளக்கின் கீழ் நின்று எழுதிக்கொண்டிருப்பாள்.

என் தாளில் அந்த அறையைப் பதினேழாவது கட்டமாகப் போட்டிருந்தேன். 4சி-காரர் அதைப் பார்த்துவிட்டு, "சார், அது பிளாட் இல்லையே. மெயின்டனன்ஸ் கட்டுறவங்களுக்கு முதல்ல பாருங்க. அந்தப் பொண்ணு கனெக்‌ஷனை எடுத்துட்டா 6-ஆம் சேனல்ல ஒரு தலைவலி குறையுமே" என்றார். நாற்காலி போட்டவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது.

எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு வேகம் கூடும் என்பது பொய்யில்லை. அதனால் அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வட ஆற்காட்டுப் பக்கம். அங்கே பங்குக் கிணறு என்று உண்டு. நான்கு பங்காளிகளுக்கு ஒரு கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். நான் கிணற்றை வைத்தே சொன்னேன்.

"முறையை இரண்டு விதமாக வைக்கலாம். ஆளுக்கு இத்தனை சால் என்று எண்ணி வைக்கலாம், அல்லது ஆளுக்கு இத்தனை நாழிகை என்று வைக்கலாம். சால் எண்ணிக்கை என்றால், ஒருத்தனுடைய மாடு நொண்டியாக இருந்தால் அவன் நூறு சால் இறைத்து முடிக்க நாள் முழுக்க ஆகும். மற்ற மூன்று பேரும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வைஃபையின் அடிப்படை முறை சால் எண்ணிக்கைதான். எல்லாருக்கும் ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம். பக்கத்தில் இருக்கும் நல்ல போன் 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால், 1500 பைட் பொட்டலம் ஒரு நொடியில் ஆயிரத்தில் கால் பங்குக்குள் போய்விடும். தூரத்தில் தடுமாறும் போன் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அதே பொட்டலத்துக்கு ஆயிரத்தில் 12 பங்கு. அதுவரை அந்தச் சேனலில் எல்லாரும் கரையில் காத்திருக்கிறோம்."

2003-இல் பிரான்சில் கிரனோபிள் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு மெதுவான கருவி இருந்தால் போதும், வேகமானவை எல்லாம் அதன் வேகத்துக்கே இழுத்து வரப்படும். பிறகு வந்த சில ரவுட்டர்களில் நாழிகைக் கணக்கு வைத்துப் பிரிக்கும் வசதி வந்திருக்கிறது. அது ஒரு ரவுட்டருக்குள் இருக்கும் கருவிகளுக்கு மட்டும்தான் உதவும். பக்கத்து வீட்டு ரவுட்டரைக் கட்டுப்படுத்தாது.

"அப்ப எடுத்துடறதுதானே சரி?" என்றார் 4சி.

"கிணற்றிலும் அப்படி ஒரு வழி உண்டு. நொண்டி மாட்டுக்காரனை வரக்கூடாது என்று சொல்லிவிடலாம். இன்னொரு வழி, அவனுக்கு நல்ல ஜோடி மாட்டை இரவல் கொடுப்பது. இரண்டிலும் மற்ற மூன்று பேருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு மாட்டுச் செலவு எவ்வளவு தெரியுமா? பதினைந்து மீட்டர் கேபிள். மீட்டர் அறை ரவுட்டரை அவர்கள் அறை வெளிச்சுவரில் கொண்டு போய் வைத்துவிட்டால் அந்தப் பொண்ணு போன் முழு வேகத்தில் பேசும். அவள் முறை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்."

அதோடு இன்னொன்றும் சொன்னேன். 6-ஆம் சேனலில் உண்மையான தலைவலி அந்தப் பெண் கிடையாது. கேட்டிலும் பின்புறத்திலும் அசோசியேஷனே வைத்த இரண்டு வைஃபை கேமராக்கள், 24 மணி நேரமும் நிற்காமல் படம் அனுப்பிக்கொண்டிருப்பவை. அவை இடம் நகரப் போவதில்லை. நகராத பொருளுக்குக் காற்று எதற்கு? அவற்றுக்கும் கேபிள் இழுத்துவிட்டால் காற்று முழுதாக மிச்சம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2சி மாமிதான் முதலில், "அந்தப் பொண்ணு நன்னா படிக்கறது. கேபிள் போட்டுடுங்கோ" என்றார். 2ஏ பெண் கை தூக்கினார். ஆச்சரியமாக 3பி-காரரும். 4சி-காரர், "செலவு ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். கேபிள், முனைகள், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தச் சொச்சத்தை அவரே கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய் மாற்றி முடித்தோம். ஆட்டோமேட்டிக் என்று இருந்ததை எடுத்துவிட்டு ஒதுக்கிய சேனலில் நிறுத்தினோம். தானாகத் தேர்ந்தெடுப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். கரண்ட் போய் வந்தால் எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சுற்றிப் பார்த்து, அங்கே யாரும் இல்லை என்று ஒரே இடத்துக்கு ஓடும். சக்தியையும் பாதியாகக் குறைத்தோம். ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கைபேசியின் குரல் சின்னதுதான். அது பேசும் பதில் திரும்பி வந்து சேராவிட்டால் கத்தி என்ன பயன்? விருந்தினர் பெயர்களை அணைத்தோம். மிகப் பழைய முறையை நிறுத்தும் வசதி இருந்த ரவுட்டர்களில் அதையும் நிறுத்தினோம். அறிவிப்பு வேகமாக முடியும்.

பலனை எப்படி அளப்பது? வேகம் காட்டும் ஆப்கள் நாளுக்கு நாள் வேறு வேறு காட்டும். நான் கைபேசியிலிருந்து ரவுட்டர் வரைக்கும் போய் வரும் நேரத்தை மட்டும் பார்த்தேன். 2ஏ வீட்டில் இரவு ஒன்பதுக்கு முன்பு 80-இலிருந்து 400 மில்லி செகண்ட் வரை தாவிக்கொண்டிருந்தது. இப்போது பெரும்பாலும் பத்துக்குள். வாட்ச்மேன் மகள் கட்டிலில் உட்கார்ந்தபடி மாதிரித் தேர்வு எழுதுகிறாள். தேர்வில் என்ன ஆகும் என்பது அவள் படிப்பில் இருக்கிறது, அதற்கு வைஃபை பொறுப்பாகாது.

உங்கள் கட்டடத்திலும் இந்தச் சிக்கல் இருந்தால், புது ரவுட்டர் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள். டிவி, கேமரா, மேசைக் கணினி மாதிரி நகராதவற்றை வயரில் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த கருவிகளை அங்கே அனுப்புங்கள். மிச்சம் இருப்பதற்கு 1, 6, 11 தவிர வேறு சேனலில் நிற்காதீர்கள், அகலம் 20 மட்டும். யார் மிக மோசமாகத் தவிக்கிறார்களோ அவர்களை முதலில் சரிசெய்யுங்கள். அவர் ஓனரா, வாடகைக்காரரா, வாட்ச்மேனா என்று காற்று கேட்பதில்லை. அவர் தவிக்கும் ஒவ்வொரு கணமும் நம் முறையில்தான் கழிகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அடுத்த கட்டடத்தின் 14 ரவுட்டர்கள் எங்கள் கிழக்குப் பக்க வீடுகளைப் படுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. நாங்களும் அவர்களைப் படுத்திக்கொண்டுதான் இருப்போம். போன வாரம் தாளின் ஒரு நகலோடு அவர்கள் செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கமிட்டியில பேசறேன் சார். ஆனா எங்ககிட்ட இப்ப லிஃப்ட் பிரச்சினை ஓடிட்டிருக்கு" என்றார். மூன்று வண்ணப் பென்சிலையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.